ஆயிரத்து எண்ணூறு தீவுக்காரர்கள்

ஊரில் ஒரே வாரத்தில் ஆயிரத்து எண்ணூறு தீவுக்காரர்கள் முளைத்துவிட்டார்கள். மழைக்குக் காளான்கூட இவ்வளவு வேகமாக முளைக்காது.

கணக்கெடுப்பு அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கூட்டினார். அதே எண்தான் வந்தது. மொத்தமே நாலாயிரம் பேர் வாழும் ஊர். போன கணக்கெடுப்பில் தீவுக்காரர்கள் இருநூற்றுச் சொச்சம். அதற்குப் பிறகு இளவட்டங்கள் பலர் வேலை தேடி வெளியூர் போயாயிற்று. குறைந்திருக்க வேண்டிய கூட்டம் இப்படிப் பெருகியிருந்தால் எந்த அதிகாரிக்குத்தான் வியர்க்காது?

கைக்குட்டையும் கையுமாக அவர் நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் நின்று, "வாயக்கா இருக்காங்களா?" என்றார்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கும் அந்தப் பெயர் பழகிவிட்டது. தீவுக்காரர்கள் சொல்வதை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதைத் தீவுக்காரர்களுக்கும் மாற்றிச் சொல்வது அவள் வேலை. இரண்டு பக்கத்துக்கும் அவள்தான் வாய். அதனால் வாயக்கா. "பேசறதுக்கே சம்பளம் வாங்குற ஒரே பொம்பளை என் பொண்டாட்டிதான். வீட்டுல அதையே இனாமா செய்யுறா" என்பது அவள் புருஷன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் ஜோக்.

அவள் வெளியே வந்ததும் அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, ஊர்ல யார்கிட்டயாவது ஏதாவது சொல்லி வெச்சீங்களா?"

"எதைப் பத்தி சார்?"

"பாதி ஊரு தீவுக்காரங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கு."

வாயக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு விஷயம் உறைத்தது, சிரிப்பு போயிற்று.

சட்டம் இதுதான். ஓர் இனம் ஊரில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் குறையாமல் இருந்தால், அவர்கள் மொழிக்கு ஆஸ்பத்திரியில் ஓர் ஆள் உண்டு, பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு உண்டு. ஐந்துக்குக் கீழே போனால் இரண்டும் கிடையாது. தீவுக்காரர்கள் இந்த முறை நாலுதான் தேறுவார்கள் என்று வாயக்கா விரல் விட்டே எண்ணிப் பார்த்திருந்தாள். வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. புருஷனிடம் மட்டும் ஒருநாள், "இனிமே என் வாய்க்கு வேலை இருக்காதுங்க" என்று சொல்லியிருந்தாள்.

வேலை போனால் இன்னொரு வேலை பார்த்துக்கொள்ளலாம். அவள் கவலை அது இல்லை. தீவு மொழியில் வலிக்கு ஒரே சொல் கிடையாது. கயிறு இழுக்கிற வலிக்கு ஒரு சொல், உப்பு பட்டது போல் எரிகிற வலிக்கு ஒரு சொல், அலை மாதிரி வந்து வந்து போகிற வலிக்கு ஒரு சொல். இந்தப் பதவி வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போன அவள் அப்பா, கயிறு இழுக்கிறது என்று எத்தனையோ முறை சொன்னார். கேட்டவர்களுக்குப் புரியவில்லை. சுமை தூக்குகிறவர்தானே என்று தோளுக்குத் தைலம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இழுத்தது தோள் இல்லை, நெஞ்சு. அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை.

"சத்தியமா நான் யாரையும் கேக்கல சார்" என்றாள் வாயக்கா.

"நம்புறேன்மா. ஜனங்க சொல்றதை அப்படியே எழுதணும், எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது. அது எனக்கு விதி. ஆனா இதை அப்படியே அனுப்பினா மேலிடத்துல சிரிப்பாங்க. கணக்கே செல்லாதுன்னு தள்ளிடுவாங்க. தள்ளிட்டா உங்க போஸ்ட் அன்னிக்கே காலி." அவர் கொஞ்சம் யோசித்தார். "மறுபடி ஒரு தடவை கேக்க எனக்கு அதிகாரம் இருக்கு. சனிக்கிழமை ஆலை கேன்டீன்ல உக்காருறேன். அதுக்குள்ள ஊரைக் கொஞ்சம் உண்மை பேச வையுங்க."

"உண்மை பேசினா நாங்க நாலு பெர்சென்ட்தான் சார்."

"தெரியும்மா" என்றார் அதிகாரி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு வாயக்கா வாசலில் போய் நின்றாள். காகித ஆலை. ஊர் என்று ஒன்று உண்டானதே அதனால்தான். முதலில் இருந்தவர்கள் ஆற்றுக்காரர்கள். மரம் வெட்டத் தெரியும் என்று மலைக்காரர்களைக் கூட்டிவந்தார்கள். இயந்திரங்களோடு சமவெளிக்காரர்கள் வந்தார்கள். சரக்கு ஏற்றக் கடல் கடந்து தீவுக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு வரிசை வீடு கட்டிக் கொடுத்தது ஆலை. அன்றிலிருந்து இந்த ஊரில் யாரும் "நீ என்ன இனம்?" என்று கேட்பதில்லை. "எந்த வரிசை?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணமான பெண் புருஷன் வரிசைக்குப் போனால் அந்த வரிசை ஆகிவிடுவாள். பிள்ளைகளும் அந்த வரிசைதான். வரிசைகளுக்கு நடுவே இருந்த சுவர்கள் எப்போதோ இடிந்துபோனாலும் பேச்சில் வரிசை அப்படியே நின்றுவிட்டது.

கதவு திறந்தது. தினம் பார்க்கிற காட்சிதான் என்றாலும் அன்றைக்கு அவள் நின்று பார்த்தாள். நெருப்புக்கரி நிறத்தில் ஒருவன், அவன் தோளில் கை போட்டபடி கோதுமை நிறத்தில் ஒருவன். சுருள் முடியைத் துணியால் கட்டிய பெண், பக்கத்தில் இழுத்து வாரிய நேர் முடிக்காரி. சிறிய கண்கள், பெரிய கண்கள், கூர்மூக்கு, குடைமிளகாய் மூக்கு. எல்லார் புருவத்திலும் ஒரே வெள்ளைக் காகிதத் தூள். சண்டை போட்டால் நாலு மொழியில் போடுவார்கள், சமாதானம் ஆனால் ஒரே பீடியை நாலு பேர் இழுப்பார்கள். இத்தனை விதமான முகங்களை ஒரே வாசலில் வைத்துப் படைத்தவனுக்கு ரசனை உண்டு என்று தோன்றியது அவளுக்கு.

அந்த முகங்களில் பாதி அவளைக் கண்டதும் திருட்டு முழி முழித்தன.

"கூழ் மாமா! இங்க வாங்க" என்று பிடித்தாள் முதல் ஆளை. மரக்கூழ்த் தொட்டியில் வேலை செய்யும் பெரிய உடம்புக்காரர், அசல் சமவெளி வரிசை. "நீங்க எந்த இனம்னு எழுதினீங்க?"

மாமா தலையைச் சொறிந்தார். "அது வந்து... தீவுன்னு போட்டேன்மா. நாங்க சமவெளிக்காரங்க ஆயிரக்கணக்குல இருக்கோம். அதுல ஒரு ஆள் குறைஞ்சா என்ன குடியா முழுகிடும்?"

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்தான். வீட்டுல அவகிட்டகூடச் சொல்லல."

பின்னால் வந்த அவர் மனைவி நின்றுவிட்டாள். "அடப்பாவி மனுஷா, நானும் அதைத்தானே எழுதினேன்! உங்ககிட்டச் சொன்னா ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பீங்கன்னு சொல்லல."

"நானும்தான்" என்றது ஒரு குரல். "என்னையும் சேத்துக்க" என்றது இன்னொன்று. பால் குடத்தில் நான் ஒருத்தன் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று ஊரே தண்ணீர் ஊற்றிய கதை உண்டு. இங்கே தண்ணீர்க் குடத்தில் ஊரே ரகசியமாகப் பால் ஊற்றியிருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான். வாயக்கா வேலை போகப்போகிறது என்று காதில் விழுந்தது.

"யார் சொன்னது?"

எல்லாரும் காகித ரீல் பிரிவின் பக்கம் திரும்பினார்கள். அங்கே அவள் புருஷன், மலை வரிசைக்காரர், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அறுந்துபோகாத வாரை.

"ஒரே ஒருத்தன்கிட்டதான்மா சொன்னேன்" என்றார் நிமிராமல்.

"ஒருத்தன்கிட்டயா? அப்ப மைக் வெச்சுச் சொன்ன மாதிரிதான்!"

இந்தக் களேபரத்துக்கு நடுவே சைக்கிளில் வந்து இறங்கினாள் பள்ளிக்கூடத்து மலைமொழி டீச்சர். வாயக்காவுக்கு நாத்தனார். முகம் சிவந்திருந்தது.

"அண்ணி, நல்லாருக்கா இது? மலைக்காரங்க நூத்துக்குப் பத்துப் பேரு இருந்தோம். இப்ப நாலு! ஹெட்மாஸ்டர் என் வகுப்பை மூடணுமான்னு கேக்குறாரு. உங்களுக்கு அள்ளிக் கொடுத்துட்டு எங்க பிள்ளைங்க வாயை அடைக்கறதா?"

"நான் கேக்கலடி. உங்கண்ணனைக் கேளு."

"ஏண்ணே, நீயுமா?"

"ஆமா. நீ என்ன போட்டே?" என்றார் அண்ணன்.

டீச்சர் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தாள். "அதை ஏன் இப்பக் கேக்குற?"

"சொல்லு."

"...தீவு" என்றாள். வாசல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்துவிட்டாள். வாயக்கா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கை கூப்பினாள். "எல்லாருக்கும் கும்பிடு. உங்க மனசு எனக்குப் போதும். ஆனா சனிக்கிழமை அவங்கவங்க உள்ளதைச் சொல்லிடுங்க. ஒரு ஆளு எங்க வலிக்குதுன்னு சொல்றதை ஒரு சொல்லு கூட்டாம குறைக்காம சொல்றது என் வேலை. அந்த நாற்காலியில பொய்யை முட்டுக்கொடுத்து உக்கார என்னால முடியாது."

"அப்ப வேலை?" என்றார் கூழ் மாமா.

"போனாப் போகுது மாமா."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குள் வருகிற ஒவ்வொரு தீவுக்காரரையும் பார்க்கும்போது, இனி இவருக்கு யார் வாய் என்று தோன்றியது அவளுக்கு. இருமலோடு வந்த ஒரு பெரியவர், தீவு மொழியில் வளவளவென்று பேசிவிட்டு, "நீ இல்லேன்னா நான் இந்த டாக்டர் முன்னால மாடு மாதிரி நிக்கணும்" என்றார் சும்மா பேச்சுக்கு. அவள் அதை மட்டும் டாக்டருக்கு மாற்றிச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஆலையிலிருந்து ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். காகிதம் வெட்டும் கட்டரில் வேலை செய்பவள், ஆற்று வரிசை. உள்ளங்கையில் ஆழமான வெட்டு. ஆற்று மொழி டாக்டருக்கே தெரியும், வாயக்காவுக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் தெரிந்த பெண் ஆயிற்றே என்று இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி இறங்கியதும் அந்தப் பெண் அலறினாள். ஆற்று மொழியில் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டது தீவு மொழியில். எரிகிறது என்று சொன்னதும் தீவு மொழியில். உப்பு பட்டது போல் எரிகிற வலிக்கு என்ன சொல்லோ, அச்சாக அதே சொல்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"எரியுதாம் டாக்டர். மரத்துப்போக இன்னும் கொஞ்சம் மருந்து போடுங்க" என்றாள் வாயக்கா தன்னையறியாமல்.

தையல் முடிந்தது. அந்தப் பெண் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "வாயக்கா, நீ கோவிச்சுக்காதே. நானும் உனக்காகத் தீவுக்காரின்னு பொய் எழுதிட்டேன். நாளைக்கு மாத்திடுறேன்."

"உங்க அம்மா யாருடி?"

"எங்க அம்மாவா? தீவு வரிசைதான். கடைசி வீடு. கல்யாணம் ஆகி ஆத்து வரிசைக்கு வந்துட்டாங்க, அப்புறம் ஆத்துக்காரிதான்."

"வலிச்சப்ப என்ன பேசினே தெரியுமா?"

"எனக்கு எங்க தெரியும்? உசுரு போயிடுச்சு."

வாயக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கிறாள் இந்தப் பெண்! தீவு வரிசையிலிருந்து இப்படிக் கல்யாணம் ஆகிப் போனவர்கள் எத்தனை பேர்? ஆண்பிள்ளைகள் பாதி நாள் துறைமுகத்தில் கிடந்ததால், பெண்களை ஊருக்குள்ளேயே அடுத்தடுத்த வரிசையில்தானே கொடுத்தார்கள்? சுவரைத் தாண்டியதும் அவர்கள் எல்லாரும் வேறு ஆளாகிவிட்டார்களா?

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதிகாரி தங்கியிருந்த விடுதிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவர் துண்டைத் தோளில் போட்டபடி துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அம்மா ஒரு இனம், அப்பா ஒரு இனம்னா என்ன எழுதணும்?"

"ரெண்டையும் எழுதலாமேம்மா. மூணுன்னா மூணு. விதியே அதுதான்." அவர் கை சோப்பு நுரையோடு நின்றது. "ஆமா, இந்த ஊர்ல ஒருத்தர்கூட ரெண்டு சொல்லலையே, ஏன்?"

"ஒரே நேரத்துல ரெண்டு வரிசையில எப்படி சார் குடியிருக்க முடியும்? நாங்க அப்படித்தான் நினைச்சுட்டோம்."

அதிகாரி வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நானும் வந்த முதல் நாளே எடுத்துச் சொல்லியிருக்கணும். எல்லாரும் பட்டுனு ஒண்ணு சொன்னதும் வேலை சுலபம்னு எழுதிட்டுப் போயிட்டேன்" என்றார்.

சனிக்கிழமை கேன்டீனில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அதிகாரி மேஜையைத் தட்டாத குறையாக உரக்கச் சொன்னார். அம்மா வழி, அப்பா வழி இரண்டும் சொல்லலாம். இருப்பதை மறைக்க வேண்டாம், இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

அதற்கப்புறம் அங்கே நடந்ததை வாயக்கா சுவரோரமாக நின்று பார்த்தாள். நேற்றுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்ன ஜனங்கள் இன்றைக்கு அம்மாவின் அம்மாவரை போய் வந்தார்கள். முரட்டு மீசை வைத்த ஒருவன், "எங்கம்மா மலை" என்று சொல்லும்போது ஏனோ குரல் இளகிப்போனான். இரண்டு பேர் பேசிப் பார்த்ததில் தாங்கள் சித்தி மக்கள் என்று கண்டுபிடித்தார்கள். "அடேய், இத்தனை வருஷமா உன்னை மாமா மாமான்னு கூப்பிட்டேனேடா!" என்று ஒருவன் மற்றவன் முதுகில் அறைந்தான்.

கூழ் மாமாவின் முறை வந்தது. அப்பா சமவெளி. அம்மா சமவெளி. அதற்கு மேலேயும் சமவெளி.

"நல்லா யோசிச்சுப் பாருங்க மாமா, ஒரு சொட்டுகூடவா இல்ல?" என்றான் பின்னால் நின்றவன்.

"இல்லையேப்பா" என்றார் மாமா, பரீட்சையில் தோற்றவர் மாதிரி. "தீவை அடிச்சுடுங்க சார்."

"விடுங்க மாமா" என்றாள் வாயக்கா. "ரத்தத்துல இல்லாமலே எனக்காக எழுதினீங்களே, அது எவனுக்கு வரும்?"

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் தீவை அடிக்கச் சொன்னவர்கள் நூறு நூறாக வந்தார்கள். அவள் புருஷன் அடித்தார், டீச்சர் அடித்தாள். ஆயிரத்து எண்ணூறு மளமளவென்று இறங்கிற்று. இறங்க இறங்க வாயக்கா மனசுக்குள் கழித்துக்கொண்டே வந்தாள். இருநூறுக்குக் கீழே போய்விட்டால் எல்லாம் முடிந்தது.

கடைசியில் அதிகாரி அவளைக் கூப்பிட்டார். "நீங்க?"

தீவு என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். இத்தனை வருஷம் அவள் அந்த ஒரு சொல்லாகவே வாழ்ந்திருக்கிறாள். மலை வரிசைக்கு வாழ்க்கைப்பட்டும் இந்த வேலையால் ஊர் அவளை மட்டும் வரிசை மாற்றிச் சொல்லவில்லை; ஆஸ்பத்திரியில், தெருவில், புருஷன் வீட்டில், எங்கேயும் தீவுக்காரர்களின் ஆள். அவளைப் பெற்றவள் ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள் என்பதை ஊர் மறந்ததுபோல் அவளும் மறந்திருந்தாள்.

"அப்பா தீவு. அம்மா ஆறு" என்றாள். "ரெண்டும் எழுதுங்க சார்."

அதிகாரி அங்கேயே உட்கார்ந்து கூட்டினார். தலை நிமிர்ந்தார்.

"தீவு முந்நூத்திப் பத்து. நூத்துக்கு ஏழே முக்கால்."

கூச்சலில் கேன்டீன் தகரக்கூரை அதிர்ந்தது. மலைக்காரர்கள் பதினாறு என்றதும் டீச்சர் அண்ணனின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் அதிகாரி ஆஸ்பத்திரி அலுவலகத்து ஃபோனிலிருந்துதான் மேலிடத்தோடு பேசினார். வாயக்கா கதவருகே நின்றாள். மறுமுனையில் கத்துவது வராந்தாவரை கேட்டது. எல்லா இனத்தையும் கூட்டினால் நூற்றுக்கு நூற்றிருபத்தெட்டு வருகிறதாம். அது எப்படி ஐயா ஓர் ஊரில் நூற்றுக்கு நூற்றிருபத்தெட்டுப் பேர் இருப்பார்கள்?

"இருக்காங்க சார்" என்றார் அதிகாரி. "நான் நேர்ல பாத்தேன். ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒண்ணுக்கு மேல இருக்காங்க. விதிப்படிதான் எழுதியிருக்கேன். வேணும்னா நீங்களே ஒருதடவை வந்து ஆலை வாசல்ல நின்னு பாருங்க."

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, அதிகாரி "சரிங்க சார், சரிங்க சார்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். திரும்பி, "ஏத்துக்கிட்டாங்கம்மா. அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் உங்களை யாரும் அசைக்க முடியாது" என்றார்.

அவளுக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, யாரையாவது கட்டிக்கொண்டு ஆட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் கிடைக்கவில்லை. உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். படுக்கையில் ஒரு தீவுக்காரர் மார்பைப் பிடித்துக்கொண்டு எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாயக்கா ஓடிப்போய் அவர் பக்கத்தில் குனிந்தாள். ஒரே ஒரு சொல்தான் கேட்டாள்.

"டாக்டர், கயிறு இழுக்கிற மாதிரி வலிக்குதாம். தோள் இல்ல, நெஞ்சு. உடனே பாருங்க."